கை கொடுப்பவருக்கு வழி விடுங்கள்: போக்குவரத்தை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ரயில்களையும் பஸ்களையும் விமானங்களையும் இயக்குபவர்களுக்கும், நிலையங்களைக் கட்டுபவர்களுக்கும், அங்கே ஒலிக்கும் அறிவிப்புகளை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

பயணிகளாகிய நாங்கள் உங்களுக்கு எழுதுவதெல்லாம் பெரும்பாலும் தாமதத்தைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும்தான். இந்த மடல் உங்கள் கணக்கேடுகளில் எங்கும் பதிவாகாத ஒன்றைப் பற்றியது. பயணத்தில் முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் சின்னச் சின்ன உதவிகளைச் சொல்கிறேன். எட்டாத தட்டில் பெட்டியை ஏற்றிவிடும் கை. தூங்கிப்போனவரை, இறங்க வேண்டிய இடம் வந்ததும் தோளைத் தொட்டு எழுப்பும் குரல். குழந்தையின் தள்ளுவண்டியை முன்பக்கம் பிடித்துப் படியேற்றிவிட்டு, நன்றியைக் காதில் வாங்குவதற்குள் கூட்டத்தில் கலந்துவிடுகிறவர்.

இவையெல்லாம் மனிதர்களின் நல்ல குணத்தால் தாமாக நடப்பவை, இதில் நிர்வாகத்துக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். வேலை நிறைய இருக்கிறது. நீங்கள் கட்டும் இடம், நீங்கள் வகுக்கும் நேரம், நீங்கள் ஒலிபரப்பும் சொல், நீங்கள் எழுதும் விதி ஆகியவற்றைப் பொறுத்தே அந்த உதவிகள் நடக்கின்றன, நடக்காமலும் போகின்றன. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 1973இல் வெளியானது. மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய்ச் சிறிய உரை ஒன்றை ஆற்ற வேண்டும். போகும் வழியில் ஒருவர் வாசலோரம் சரிந்து கிடந்து இருமுகிறார், முனகுகிறார். ஆய்வுக்காகவே அங்கே இருக்கச் செய்யப்பட்டவர். உரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவ முன்வந்தார்கள். இப்போது புறப்பட்டால் சரியாக இருக்கும் என்று சொல்லப்பட்டவர்களில் 45 சதவீதம் பேர். ஏற்கெனவே நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10 சதவீதம் பேர். அவர்களில் ஒரு பகுதியினர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் கதைதான்.

அந்த மாணவர்களில் யாரும் கல்நெஞ்சர்கள் இல்லை. அவர்கள் கையில் இருந்த நேரம் குறைந்தது. நின்று பார்க்கும் மனமும் அதோடு குறைந்துவிட்டது. இணைப்பு வண்டிக்காக நீங்கள் விடும் இடைவெளியை இதோடு சேர்த்துப் பாருங்கள். கையில் சுமை இல்லாத, முழங்காலில் வலி இல்லாத ஒருவர் ஒரு நடைமேடையிலிருந்து இன்னொரு நடைமேடைக்கு விரைந்து நடந்தால் எவ்வளவு ஆகும் என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பாதிப் படியில் மூச்சு வாங்கி நிற்கும் முதியவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை என்பது பலருக்கும் தெரியும். அவருடைய பையை வாங்கிக்கொண்டு அவரோடு மெல்ல ஏறியிருக்கக்கூடிய இன்னொரு பயணிக்கும் அதில் இடமில்லை என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. மனம் இருந்தும் அந்த மனிதர் கடந்து போகிறார். கடந்து போனதை நினைத்து வழியெல்லாம் வருந்துகிறார்.

பஸ் ஓட்டுநரின் நிலை இன்னும் கடினம். பக்கக் கண்ணாடியில் ஓடிவரும் ஒரு பெண் தெரிகிறார். இடுப்பில் குழந்தை, தோளில் நழுவும் பை, காலைவிட்டுக் கழலும் செருப்பு. ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், கதவையும் மூடாமல் காத்திருக்கிறார். ஏறியவருக்கு நன்றி சொல்லக்கூட மூச்சு இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைக்கிறார். யாரோ எழுந்து இடம் கொடுக்கிறார்கள். இன்னொருவர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். ஓட்டுநர் காத்திருந்த அந்தச் சில நொடிகள் பஸ்ஸில் இருந்த மற்றவர்களையும் இளக்கிவிட்டன. இதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். முதலில் ஒருவர் செய்துவிட்டால் அடுத்தவருக்குத் தயக்கம் இருப்பதில்லை.

ஆனால் இன்று வண்டி எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்பதை ஜிபிஎஸ் கருவி பதிவு செய்துவிடுகிறது. தாமதம் அதில் ஏறுகிறது, தாமதத்தின் காரணம் ஏறுவதில்லை. ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் நேரமும் நேரம்தான், மறுக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடைசி ஆள் வரும்வரை நிற்கச் சொல்லவும் இல்லை. ஓடிவருகிறவர் கண்ணில் பட்ட பிறகும் கதவை மூடினால்தான் கெட்ட பெயர் வராது என்ற நிலைக்கு ஓட்டுநரைத் தள்ளாதீர்கள் என்கிறேன். ஒரு முழு நடைக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக விட்டாலே அந்த மனிதர் தன் விருப்பப்படி நல்லவராக இருந்துகொள்வார்.

அடுத்தது உங்கள் ஒலிபெருக்கி. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் போக்குவரத்தில், எதையாவது பார்த்தால் சொல்லுங்கள் என்ற வாசகம் வந்தது. பிரிட்டன் ரயில்களில் 2016இலிருந்து அதே போன்ற அறிவிப்பு திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. தெரியாதவர் கொடுப்பதை வாங்காதீர்கள், உடைமைகளின் மேல் கண் வையுங்கள், சந்தேகத்துக்கு இடமானவரைத் தெரிவியுங்கள் என்ற அறிவிப்புகள் பல நாடுகளில் உண்டு. காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. மயக்க மருந்து கலந்து கொடுத்துத் திருடுகிறவர்கள் இருக்கிறார்கள். உதவி செய்கிற சாக்கில் தனியாக வரும் பெண்களைத் தொல்லைப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தன் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். எச்சரிக்கைகளை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன்.

ஆனாலும் பக்கத்தில் இருப்பவரைப் பற்றி நீங்கள் எங்களிடம் சொல்லும் ஒரே செய்தி இதுவாக மட்டுமே இருப்பது நியாயமா? பொது இடங்களில் நடந்த 219 சச்சரவுகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு குழு முடிவுகளை வெளியிட்டது. ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், இங்கிலாந்தின் லங்காஸ்டர் ஆகிய நகரங்களின் பதிவுகள் அவை. பத்தில் ஒன்பது சம்பவங்களில் பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவராவது தலையிட்டிருக்கிறார்: நடுவில் புகுந்து விலக்குவது, அடிப்பவரைச் சமாதானப்படுத்துவது, விழுந்தவரைத் தூக்கிவிடுவது. கூட்டத்தில் யாரும் யாருக்காகவும் வரமாட்டார்கள் என்று நாம் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உங்களைப் போன்றவர்கள் எங்களைக் கண்காணிக்க வைத்த கேமராக்களே வேறு மாதிரி சாட்சி சொல்கின்றன.

சிகாகோவில் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் செய்து 2014இல் வெளியான ஆய்வும் இந்த இடத்தில் பொருந்தும். தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் சிலரைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியே இருக்கச் சொன்னார்கள். பேசினால் பயணம் கெட்டுவிடும் என்பதுதான் மக்களின் பொதுவான எதிர்பார்ப்பு. பேசியவர்களோ தனியே இருந்தவர்களைவிடப் பயணம் நன்றாக இருந்தது என்றார்கள். அலுத்துப்போய்க் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவரிடம் போய் எல்லாரும் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றி நாம் நினைத்து வைத்திருப்பது உண்மையைவிட மோசமாக இருக்கிறது. அந்த நினைப்புக்கு உங்கள் ஒலிபெருக்கி நாள் முழுக்கத் தீனி போடுகிறது. எச்சரிக்கை ஐந்து முறை ஒலித்தால் ஆறாவது முறை வேறொன்றும் ஒலிக்கட்டும். உங்கள் அருகில் யாருக்காவது உடல்நலமில்லையென்றால் அவருடன் இருங்கள், எங்களைக் கூப்பிடுங்கள், உடனே வருகிறோம் என்று சொல்லுங்கள். சொன்னபடி வாருங்கள்.

உதவி செய்வதைவிடச் சிரமமானது ஒன்று உண்டு. உதவி கேட்பது. 1970களில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தன் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலுக்கு அனுப்பி, உட்கார்ந்திருப்பவரிடம் காரணம் எதுவும் சொல்லாமல் இருக்கையைக் கேட்கச் சொன்னார். கேட்டபோது 68 சதவீதம் பேர் எழுந்து கொடுத்தார்கள் அல்லது நகர்ந்து இடம் விட்டார்கள். கேட்கப் போன மாணவர்கள்தான் திண்டாடிப்போனார்கள். மில்கிராம் தானே கேட்கப் போனபோது அவருக்கே முதலில் வாயைத் திறக்க முடியவில்லை, சொற்கள் தொண்டையில் சிக்கிக்கொண்டன. நல்ல உடல்நிலையில், ஓர் ஆய்வுக்காகக் கேட்டவர்களுக்கே இந்தப் பாடு. கருவுற்று மூன்று மாதம்கூட ஆகாமல் தலைசுற்றலோடு நிற்கும் பெண்ணும், வெளியே தெரியாத நோயோடு நிற்கும் இளைஞனும் எப்படி வாய் திறப்பார்கள்?

இந்த இடத்தில் உங்களில் சிலரைப் பாராட்ட வேண்டும். லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 2005 முதல் கருவுற்ற பெண்களுக்கு அணிந்துகொள்ளும் வில்லை (பேட்ஜ்) கொடுக்கிறது. ‘எனக்கு இருக்கை கொடுங்கள்’ என்ற பொருளில் இன்னொரு வில்லையை 2017இல் கொண்டுவந்தது. வெளித்தோற்றத்தில் தெரியாத உடல்நலக் குறை உள்ளவர்களுக்கானது. டோக்கியோவில் 2012 முதல் இதே நோக்கத்தில், சிவப்புப் பின்னணியில் கூட்டல் குறியும் இதயமும் வரைந்த அட்டையைப் பையில் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். லண்டன் அருகே உள்ள காட்விக் விமான நிலையத்தில் 2016இல் சூரியகாந்திப் பூ அச்சிட்ட கழுத்துப் பட்டி அறிமுகமானது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. எல்லாம் சில்லறைச் செலவு. ஆனால் கேட்பவரின் நாணத்தையும், கொடுப்பவரின் ‘எழுந்தால் தப்பாக நினைத்துக்கொள்வார்களோ’ என்ற தயக்கத்தையும் ஒரே அடியில் நீக்கிவிட்டன. இரண்டு அந்நியர்களுக்கு நடுவே நிர்வாகம் வைத்த நல்ல பாலங்கள் இவை. உங்களில் மற்றவர்கள் ஏன் இன்னும் இதைச் செய்யவில்லை?

இனி என் மனத்தில் அதிகம் உறுத்துவதற்கு வருகிறேன்.

எனக்கு மொழி தெரியாத ஓர் ஊரில், நள்ளிரவு தாண்டிய பிறகு ரயில் மாற வேண்டியிருந்தது. ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. சுற்றி இருந்தவர்களில் பலர் எழுந்து படிக்கட்டை நோக்கி நடந்தார்கள். பலகையில் பழைய நடைமேடை எண்ணே எரிந்துகொண்டிருந்தது. நான் டிக்கெட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் போல ஒருவர் பக்கத்தில் இருந்தார். சட்டைக் கையிலும் மணிக்கட்டிலும் காய்ந்த வெள்ளைப் பெயின்ட் துளிகள். என் டிக்கெட்டை எட்டிப் பார்த்தார். எதிர் நடைமேடையைக் காட்டினார். எனக்கு விளங்கியதா என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தார். மறுபக்கத்தை நான் பிடித்தேன். மேம்பாலத்தின் உச்சியில் ஒரு முறை நின்று கை மாற்றிக்கொண்டார். அந்தப் பக்கம் இறங்கி, ரயில் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் என்னை நிறுத்தி, இங்கேயே நில் என்று விரலால் தரையைக் காட்டினார். வந்த வழியே மறுபடி படியேறினார். அவருடைய ரயில் பழைய நடைமேடைக்குத்தான் வர வேண்டியிருந்தது.

அந்த மனிதரை நினைக்காமல் நான் எந்த மேம்பாலமும் ஏறியதில்லை. ஆனால் அவர் செய்ததைக் காட்டி நீங்கள் பெருமைப்பட முடியாது. பலகையில் சரியான எண் எரிந்திருந்தால், நாள் முழுக்க உழைத்துக் களைத்த ஒருவர் இன்னொருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தனை படி ஏறி இறங்கியிருக்க வேண்டியதில்லை. மின்தூக்கி வேலை செய்திருந்தாலும் சுமை குறைந்திருக்கும். உங்கள் வேலையை அவர் செய்தார்.

பயணிகளின் உதவியை நான் இவ்வளவு உயர்த்திச் சொல்வதால், அதுதான் இருக்கிறதே, வசதி எதற்கு என்று யாராவது நினைத்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். சக்கர நாற்காலியோடு ஒருவரை நான்கு பேர் சேர்ந்து தூக்கிப் பெட்டியில் ஏற்றும் படங்கள் அடிக்கடி பரவுகின்றன. மனிதம் வாழ்கிறது என்று எழுதி எல்லாரும் பகிர்கிறார்கள். தூக்கியவர்கள் நல்லவர்கள்தான். நாற்காலியில் இருப்பவரின் முகத்தை உற்றுப் பாருங்கள். பிடி நழுவினால் என்ன ஆகும் என்ற அச்சம் அதில் இருக்கும். தன் உடலைத் தெரியாத நான்கு பேர் கையில் ஒப்படைப்பதா, பயணத்தைக் கைவிடுவதா என்று ஒவ்வொரு முறையும் அவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு, மற்றவர்களுக்கு இணையாகப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் வழியை அரசுகள் செய்து தர வேண்டும் என்கிறது. சாய்தளம் அவருடைய உரிமை. அந்த உரிமையை நிறைவேற்றாமல் விட்டுவிட்டு எங்கள் இரக்கத்தின் தலையில் அந்தப் பொறுப்பைக் கட்டாதீர்கள். சாய்தளம் இருந்தால் நாங்கள் அவருக்குக் கதவைப் பிடித்துக்கொள்வோம், பேசிக்கொண்டே கூட வருவோம். உதவிக்கு அழகு அந்த அளவில்தான்.

விமானங்களில் நடப்பதும் இதே வகை. இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் வைக்கிறார்கள். கட்டாத குடும்பம் ஆளுக்கொரு வரிசையில் சிதறுகிறது. ஏறிய பிறகு ஒரு தாய் ஒவ்வொருவரிடமும் போய், குழந்தை தனியாக இருக்கிறது, கொஞ்சம் மாறி உட்கார முடியுமா என்று கெஞ்சுகிறார். பணம் கட்டி வாங்கிய ஜன்னல் இருக்கையை யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்து நடு இருக்கைக்குப் போகிறார். விட்டுக்கொடுக்காதவரைச் சுற்றியிருப்பவர்கள் முறைக்கிறார்கள். அவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கலாம். சிறு குழந்தையையும் கூட வருபவரையும் சேர்த்து உட்கார வைப்பது கணினிக்கு ஒரு நொடி வேலை. அதைச் செய்யாமல் பயணிகளை ஒருவர் மேல் ஒருவர் மனத்தாங்கல் கொள்ள வைப்பது சரியில்லை.

தொலைந்த பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. 40 நாடுகளின் 355 நகரங்களில் 17,000க்கும் மேற்பட்ட பணப்பைகளை, யாரோ தொலைத்தது என்று சொல்லி வரவேற்பு மேசைகளில் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது. காலிப் பணப்பையைவிடப் பணம் இருந்த பணப்பையையே உரியவரிடம் சேர்க்க அதிகம் பேர் முயன்றார்கள்; 38 நாடுகளில் இப்படித்தான். மனிதர்கள் திருப்பிக் கொடுக்கவே விரும்புகிறார்கள். இருக்கையில் கிடந்த கைபேசியோடு ஒருவர் உங்கள் நிலையத்தில் இறங்கினால் என்ன நடக்கிறது? கவுன்ட்டர் பூட்டியிருக்கிறது, திறந்திருந்தால் அவருடைய அடையாள அட்டை, முகவரி, இரண்டு படிவம், கையெழுத்து என்று குற்றவாளியை விசாரிப்பது போல் விசாரிக்கிறார்கள். அடுத்த முறை அவர் பொருளைக் கண்டும் காணாமல் போவார்.

நிர்வாகம் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சான்று. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள காண்டர் என்ற சிற்றூரில் 38 பயணிகள் விமானங்கள் இறங்கின. ஊரின் மக்கள்தொகை சுமார் 10,000. வந்து இறங்கியவர்கள் 6,500க்கும் மேல். ஊர்மக்கள் போர்வை கொண்டுவந்தார்கள், குளிக்கத் தங்கள் வீடுகளைத் திறந்துவிட்டார்கள், சமைத்துப் போட்டார்கள்; எல்லாரும் அதைத்தான் நினைவுகூர்கிறார்கள். எனக்கு இன்னொரு பக்கமும் முக்கியமாகப் படுகிறது. பள்ளிக்கூடங்களையும் மன்றங்களையும் திறந்துவிட யாரோ ஒப்புதல் கொடுத்தார்கள். வேலைநிறுத்தத்தில் இருந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் தட்டிகளைக் கீழே வைத்துவிட்டு வண்டி எடுத்தார்கள். உணவு கெடாமல் இருக்கப் பனித்தளத்தில் ஹாக்கி ஆடும் அரங்கமே குளிர்பதனக் கிடங்கானது. விதி இடம் தராது என்று அன்று ஒருவர் கையை விரித்திருந்தால், அத்தனை நல்ல மனமும் வேலிக்கு வெளியே நின்றிருக்கும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் ரயில் மாறுவதற்காகக் காத்திருந்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்த முகம் தெரியாத ஓர் அம்மா மயங்கிச் சாய்ந்தார். இவர் அவரைத் தரையில் படுக்க வைத்து, தலைக்குத் தன் சால்வையை மடித்து வைத்து, அவருடைய கைபேசியை எடுத்து மகளுக்குச் சொல்லி, மருத்துவ உதவி வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் இவருடைய ரயில் போய்விட்டது. கவுன்ட்டரில் நடந்ததைச் சொன்னார். அது உங்கள் சொந்த விருப்பம் என்று பதில் வந்தது. முழுக் கட்டணம் கொடுத்துப் புது டிக்கெட் வாங்கினார். அதைப் பற்றி அவர் யாரிடமும் புகார் செய்யவில்லை. நான் செய்கிறேன்.

உங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு வரி சேருங்கள். சக பயணிக்கு அவசர உதவி செய்ததால் வண்டியைத் தவறவிட்டவரின் டிக்கெட், கூடுதல் கட்டணம் இல்லாமல் அடுத்த வண்டியில் செல்லும் என்று எழுதுங்கள். பணியில் இருக்கும் எந்த ஊழியரும் அதற்குக் கையெழுத்துப் போடலாம் என்று அதிகாரம் கொடுங்கள். பொய் சொல்லி இதைப் பயன்படுத்திக்கொள்ள ஒரு சிலர் வரத்தான் செய்வார்கள். அந்த நட்டத்தைத் தாங்கிக்கொள்ள உங்களால் முடியும், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணால் இன்னொரு முழு டிக்கெட்டின் விலையைத் தாங்குவது கடினம். இந்த வரியைச் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா என்று பதில் எழுதுங்கள். மாட்டோம் என்றால் காரணத்தையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளில் வந்துபோகும் ஒரு பயணி